கண்ணும் சைனஸும் சேர்ந்து வீங்கினால் பயாப்ஸி ஏன் கேட்கிறார்கள்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு வருடமாக மூக்கடைப்பு, பொருக்கு பொருக்காகச் சளி, அவ்வப்போது ரத்தம். மூன்று மாதத்துக்கு முன் இடது கண் வீங்கி முன்னால் தள்ளியது. சிடி ஸ்கேனில் கண்குழியின் உள்பக்கம் அழற்சித் திசு, பக்கத்து சைனஸ்கள் அடைபட்டிருக்கின்றன, ‘சூடோடியூமராக (கட்டி மாதிரித் தெரியும் அழற்சி) இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார்கள். பத்து நாள் ஸ்டீராய்டில் வடிந்தது. நிறுத்திய மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. ரத்தக்குழாய் அழற்சியைத் தேடும் ஆன்கா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதம் கொஞ்சம் கூடுதல். இப்போது ஒரு டாக்டர் பயாப்ஸி, அதாவது திசுத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கலாம் என்கிறார், இன்னொருவர் ஸ்டீராய்டையே மறுபடி கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார், சொந்தக்காரர்கள் ‘கண்ணுக்குப் பக்கத்தில் கத்தி வைத்தால் பார்வை போய்விடும்’ என்கிறார்கள். பயாப்ஸி அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது: இவ்வளவு ஸ்கேன், இவ்வளவு ரத்தப் பரிசோதனைக்கு அப்புறமும் ஏன் ஒருவராலும் நோயின் பெயரைச் சொல்ல முடியவில்லை? அதைப் புரிந்துகொண்டால் முதல் கேள்விக்குப் பெரிய விவாதம் தேவைப்படாது.

நான் கண் மருத்துவன். இருபது வருடத்துக்கு மேலாகக் கண்குழி நோய்களைப் பார்க்கிறேன், அதில் பாதி நாள் காது மூக்கு தொண்டை சர்ஜனோடு ஒரே தியேட்டரில் நின்றிருக்கிறேன். உங்கள் அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, ஸ்கேன் படத்தையும் பார்க்கவில்லை, நீங்கள் தட்டச்சு செய்த ரிப்போர்ட்டை மட்டும்தான் படித்தேன். ஆகவே கீழே சொல்வது அவருக்கு என்ன நோய் என்பதல்ல. இந்த மாதிரி வருகிறவர்களிடம் நாங்கள் எப்படி யோசிக்கிறோம் என்பதுதான்.

கண்குழி என்பது எலும்பாலான ஒரு கூம்பு. மொத்தக் கொள்ளளவே சுமார் 30 மில்லி. அதில் கண் உருண்டைக்கு 7 மில்லி போக, மிச்சத்தில் தசை, நரம்பு, கொழுப்பு, கண்ணீர்ச் சுரப்பி எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. அந்தக் கூம்பின் மூன்று பக்கங்களில் சைனஸ்கள். மேலே நெற்றி சைனஸ், கீழே கன்னத்து சைனஸ், உள்பக்கம் மூக்கை ஒட்டித் தேன்கூடு மாதிரி எத்மாய்டு சைனஸ். கண்ணுக்கும் எத்மாய்டுக்கும் நடுவில் இருக்கும் எலும்புக்கு உடற்கூறியலில் ‘காகிதத் தகடு’ என்ற பொருளில்தான் லத்தீன் பெயரே வைத்திருக்கிறார்கள். அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஆபரேஷனில் அதன் வழியாகக் கண்குழிக் கொழுப்பின் மஞ்சள் நிறம் மங்கலாகத் தெரியும். அதிலும் ரத்தக்குழாய்கள் நுழையும் ஓட்டைகள் உண்டு. போதாததற்கு இந்தப் பகுதியின் சிரைகளில் ரத்தம் இரண்டு பக்கமும் ஓட முடியும். ஆகவே மூக்கில் கிளம்பியது கண்ணுக்குப் போவதும், கண்ணில் கிளம்பியது மூக்குக்கு வருவதும் பக்கத்து வீட்டுச் சண்டை சுவர் தாண்டிக் கேட்பது மாதிரிதான்.

ஆனால் ஸ்கேனில் இரண்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்பதற்காக இரண்டும் ஒரே நோய் என்று ஆகிவிடாது. சைனஸ் சவ்வு தடித்திருப்பது நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தவர்களிடமும் தெரியும். கண்குழி வீக்கம் சைனஸின் வடிகாலை அமுக்கி, உள்ளே வெறும் சளி தேங்கியிருக்கலாம். ஐஜிஜி4 நோய் (அந்தப் புரதத்தோடு தொடர்புள்ள, பல உறுப்புகளைத் தொடும் அழற்சி) உள்ளவர்களுக்கு ஒவ்வாமை சைனஸ் தனியாகவும் இருக்கலாம். அதனால் ‘சைனஸும் அடைபட்டிருக்கிறது’ என்ற வரியைப் படித்ததும் நான் கேட்பது: வெறும் சளியா, சவ்வுத் தடிப்பா, எலும்பு என்ன ஆகியிருக்கிறது? உங்கள் அம்மாவுக்கு மூக்கில் பொருக்கும் ரத்தமும் இரண்டு வருடமாக இருப்பதால், அவருடைய சைனஸ் சும்மா வேடிக்கை பார்க்கிற சைனஸ் இல்லை என்றே தோன்றுகிறது. இது என் ஊகம்தான், ஆனால் கொஞ்சம் பலமான ஊகம்.

எங்களுக்கு முதலில் உதவுவது காலம். ஒரு நாள், இரண்டு நாளில் கண் வீங்கிச் சிவந்து காய்ச்சலோடு வந்தால் பாக்டீரியா கிருமியென்று வைத்துக்கொண்டு அன்றே மருந்து ஏற்றுவோம். குழந்தைகளில் பெரும்பாலும் அதுதான். சில நாட்களில் வலி, மரத்துப்போதல், பார்வை இறக்கம் என்று வேகமாகப் போனால் பூஞ்சை. வாரக்கணக்கில், வலியோடு, திடீரென்று ஆரம்பித்தால் காரணம் தெரியாத அழற்சி; இதைத்தான் சூடோடியூமர் என்கிறார்கள். மாதக்கணக்கில் வலியில்லாமல் மெதுவாகத் தள்ளினால் ஐஜிஜி4, லிம்போமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோய், இன்னும் சில. கேட்க ஒழுங்காக இருக்கிறது, இல்லையா? நோய்கள் இந்தப் புத்தகத்தைப் படிப்பதில்லை. மெதுவாக வளரும் பூஞ்சையும் உண்டு, ஒரு வாரத்தில் வரும் லிம்போமாவும் உண்டு.

சர்க்கரை உள்ளவர் என்பதால் மற்ற எதையும் யோசிப்பதற்கு முன்னால் தள்ளிவைக்க வேண்டியது மியூக்கர், அதாவது 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது எல்லா வீட்டிலும் பேசப்பட்ட கருப்புப் பூஞ்சை. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்தது. ஆம்போடெரிசின் ஊசிக்கு ஆட்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். அப்போது நாங்கள் பார்த்தவர்களில் பலருக்கு ஒரே கதை: கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, அதன்மேல் ஸ்டீராய்டு, அப்புறம் கன்னம் மரத்துப்போதல், பல் ஆடுதல், கண் அசையாமல் நிற்பது. மூன்று மாதமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவின் வீக்கம் கடும் மியூக்கரின் போக்கு அல்ல. கடும் மியூக்கர் மூன்று மாதம் காத்திருக்காது. ஆனாலும் மறுபடி ஸ்டீராய்டு ஆரம்பித்து, சர்க்கரை 400-க்குப் போனால், அந்தக் கதவு புதிதாகத் திறக்கும். பழைய நோயின் மேல் புது நோய் வந்து உட்காருவதையும் பார்த்திருக்கிறேன்.

நான் அதிகம் கவலைப்படுவது இன்னொரு பூஞ்சையைப் பற்றி. ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை, எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறவர்களிடமே சைனஸில் ஆரம்பித்து, மாதக்கணக்கில் மெதுவாகக் கண்குழிக்குள் நகரும். இந்தியா, பாகிஸ்தான், சூடான் மாதிரியான இடங்களிலிருந்துதான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. மேற்கத்திய பாடப்புத்தகத்தில் ஓரமாகக் கிடக்கும். காய்ச்சல் இல்லை, கறுப்புப் பொருக்கு இல்லை, கெட்டியான ஒரு கட்டி மட்டும். ஸ்கேனில் சூடோடியூமர் மாதிரியே இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் சுற்றியுள்ள வீக்கம் வடிந்து, ‘பார்த்தீர்களா, குறைந்துவிட்டது’ என்று எல்லாரும் நிம்மதியாவார்கள்.

அப்படி ஒருவர், விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். நாற்பதுகளில் இருந்தவர், சர்க்கரை கிடையாது. வேறு ஊரில் எட்டு மாதம் ஸ்டீராய்டு. குறைக்கும்போதெல்லாம் வீக்கம் திரும்பும், திரும்பும்போதெல்லாம் கொஞ்சம் பெரிதாக. முதல் பயாப்ஸியில் ‘குறிப்பாக எதுவும் சொல்ல முடியாத நாள்பட்ட அழற்சி’ என்று வந்திருந்தது. நாங்கள் மூக்கு வழியாக எத்மாய்டிலிருந்து மறுபடி எடுத்தோம். சாதாரணச் சாயத்தில் கிரானுலோமாக்களும் (அழற்சிச் செல்கள் கூடிய சிறு முடிச்சுகள்) பெரிய பெரிய அரக்கச் செல்களும் தெரிந்தன. பத்தாலஜிஸ்ட் வெள்ளிச் சாயம் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சைப் பின்னணியில், ஒரு அரக்கச் செல்லின் வயிற்றுக்குள், கறுத்த நூல் துண்டு இரண்டே இரண்டு. அந்த இரண்டு துண்டுகளில்தான் அவருடைய வைத்தியம் தலைகீழாக மாறியது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தை ஆரம்பித்தோம். கட்டி சுருங்கியது, அந்தக் கண்ணில் ஏற்கெனவே போயிருந்த பார்வை வரவில்லை.

சரி, பூஞ்சை இல்லை என்று வைத்துக்கொள்வோம். மூக்கில் பொருக்கு, ரத்தம், கண் வீக்கம் மூன்றும் சேர்ந்தால் எந்தக் கண் டாக்டருக்கும் ஞாபகம் வருவது ஜிபிஏ. சிறிய ரத்தக்குழாய்களின் அழற்சி இது. முன்பு ஜெர்மன் நோய்க்கூறியல் நிபுணர் வெக்னர் பெயரால் வழங்கியது. அவருடைய நாஜி காலத் தொடர்புகள் வெளியே வந்தபின், 2011-ல் மருத்துவச் சங்கங்கள் கூடி இந்தப் பெயரை மாற்றின. மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழும், மூக்குத் தண்டு குதிரைச் சேணம் மாதிரி உட்கார்ந்துபோகும், சைனஸ் எலும்பு ஒரு பக்கம் அரிக்கும், இன்னொரு பக்கம் தடிக்கும். இதை நினைத்துத்தான் உங்கள் டாக்டர் ஆன்கா கேட்டிருப்பார். உடம்பு முழுக்கப் பரவி, சிறுநீரகத்தையும் பிடித்திருக்கிற ஜிபிஏவில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆன்கா பாசிட்டிவாக வரும். மூக்கிலும் கண்ணிலும் மட்டும் நிற்கிற ஜிபிஏவில் அந்தக் கணக்கு நன்றாகவே இறங்கிவிடும். அதாவது, இந்தப் பரிசோதனை எங்கே நமக்கு அதிகம் தேவையோ அங்கேதான் அதிகம் கைவிடுகிறது. நெகட்டிவ் என்று வந்ததை வைத்து ஜிபிஏ இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பாசிட்டிவாக வந்திருந்தாலும் ஒரு வார்த்தை யோசிப்பேன். காசநோய் மாதிரியான நீண்ட காலத் தொற்றிலும், தைராய்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளிலும் ஆன்கா எட்டிப் பார்க்கும்.

ஐஜிஜி4 இன்னும் வழுக்கும். 2001-ல் ஜப்பானில் கணைய அழற்சி நோயாளிகளின் ரத்தத்தில் இது கூடியிருப்பதைக் கண்டார்கள். இரண்டு வருடத்துக்குள் இது உடம்பின் பல உறுப்புகளைத் தொடும் ஒரே நோய் என்று தெரிந்தது. மிக்குலிக்ஸ் நோய் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து சொல்லி வந்த, இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் வீங்கும் நோயில் பெரும்பகுதி இதுதான். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 135 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடுதல் என்பது வழக்கம். கொஞ்சம் கூடுதல் என்றால் அது ஆஸ்துமா, ஒவ்வாமை, நாள்பட்ட தொற்று, ஜிபிஏ, ஏன், லிம்போமாவிலும் இருக்கலாம். திசுவில் நோய் நிரூபணமான ஒரு பகுதியினருக்கு ரத்த அளவு சாதாரணமாகவே இருக்கும். ஸ்டீராய்டு எடுத்தால் அளவு இறங்கும் என்பதும் உண்டு. அம்மாவுக்கு ரத்தம் எடுத்தது மாத்திரைக்கு முன்னாலா, பின்னாலா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதைத் தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஐஜிஜி4 நோய்க்கு ஸ்கேனில் ஒரு நல்ல தடயம் உண்டு: கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு, கண்குழியின் தரையில் ஒரு குழாய்க்குள் ஓடும். அது பென்சில் தடிமனுக்குத் தடித்திருந்தால் என் மனம் பாதி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எலும்பை அரிப்பதைவிட விரித்துக்கொடுத்துத் தனக்கு இடம் பண்ணிக்கொள்வது இதன் சுபாவம். ஆனால் அதே நரம்பின் வழியாகப் பூஞ்சையும் போகும், தோல் புற்றுநோயும் போகும். எம்ஆர்ஐயில் டி2 படத்தில் கறுப்பாகத் தெரிவது முக்கியமான குறிப்பு என்று சொல்லித்தருவோம். ஜிபிஏ, ஐஜிஜி4, பூஞ்சை, லிம்போமா நான்குமே அப்படித் தெரியக்கூடியவை. சிடி எலும்பை நன்றாகக் காட்டும், எம்ஆர்ஐ மென்திசுவையும் மூளைப் பக்கம் போயிருக்கிறதா என்பதையும் காட்டும். எங்கே இருக்கிறது, எதை அமுக்குகிறது, எங்கிருந்து எடுத்தால் சுலபம் என்ற மூன்றுக்கும் ஸ்கேனைப்போல ஒன்று கிடையாது. ‘அழற்சித் திசு’ என்று ரேடியாலஜிஸ்ட் எழுதுவது அது பார்க்க எப்படி இருக்கிறது என்பதைத்தான். வீட்டில் புகை வருகிறது என்று சொல்வது மாதிரி. அடுப்பா, ஊதுபத்தியா, தீ விபத்தா என்பது உள்ளே போய்ப் பார்க்கும்வரை தெரியாது.

இந்த இடத்தில் கண் பரிசோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலையுயர்ந்த ஸ்கேன் வந்த பிறகு இதைப் பலர் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது பழைய போட்டோ. கல்யாண ஆல்பம், ஆதார் அட்டை, எதுவானாலும் சரி. கண் எப்போது தள்ள ஆரம்பித்தது என்பதை வீட்டிலுள்ளவர்கள் மூன்று மாதம் என்பார்கள், பேத்தியின் பிறந்தநாள் போட்டோ ஒரு வருடம் என்று சொல்லும். அப்புறம் நோயாளியை உட்காரவைத்து, பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து இரண்டு கண்களையும் எட்டிப் பார்ப்பேன்; எந்தக் கண் புருவத்தைத் தாண்டி நீட்டுகிறது என்பது அங்கிருந்து பளிச்சென்று தெரியும். ஒரு சொட்டு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை ஒரு கண்ணுக்கு மாற்றி ஒரு கண்ணுக்குக் காட்டுவேன். ‘இந்தக் கண்ணில் செங்கல் மாதிரி வெளுத்துத் தெரிகிறது’ என்றால், எழுத்துகளை முழுதாகப் படித்தாலும் பார்வை நரம்பு நசுங்க ஆரம்பித்துவிட்டது. டார்ச்சை நல்ல கண்ணிலிருந்து இந்தக் கண்ணுக்கு மாற்றி அடிக்கும்போது பாவை சுருங்குவதற்குப் பதிலாக விரிந்தால் இன்னும் உறுதி. கன்னத்திலும் மேல் உதட்டிலும் பஞ்சால் தொட்டுப் பார்ப்பேன். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

அப்புறம் சிறுநீர்ப் பரிசோதனை. நூறு, இருநூறு ரூபாய் விஷயம். ஜிபிஏ சிறுநீரகத்தை எந்த வலியும் காட்டாமல் தின்னும். சிறுநீரில் ரத்த அணுவும் புரதமும் தெரிவதுதான் முதல் சத்தம். கண் வீக்கத்துக்கு வந்தவருக்கு சிறுநீரை ஏன் கேட்கிறார்கள் என்று நோயாளிகள் முணுமுணுப்பார்கள். இதோடு சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், நெஞ்சு ஸ்கேன், சர்க்கரையின் மூன்று மாத சராசரி, எச்ஐவி, தைராய்டு. தைராய்டைக் கடைசியில் சொன்னாலும், பெரியவர்களில் கண் தள்ளுவதற்கு முதல் காரணம் அதுதான். ஆனால் அது மூக்கில் பொருக்கையும் ரத்தத்தையும் வரவைக்காது.

இப்போது ஸ்டீராய்டு. ‘கொடுத்துப் பார்க்கலாம், குறைந்தால் சூடோடியூமர்’ என்ற வழக்கம் ரொம்ப வருடமாக இருக்கிறது, நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். பிரச்சினை என்னவென்றால் இதில் குறையாத நோயைத் தேடுவதுதான் கஷ்டம். ஜிபிஏ குறையும். ஐஜிஜி4 வெண்ணெய் மாதிரி உருகும். சார்காய்டு என்ற இன்னொரு கிரானுலோமா நோயும் குறையும். லிம்போமா சில வாரம் மாயமாக மறைந்தே போகும், ஏனென்றால் ஸ்டீராய்டு லிம்போமா செல்களையே கொல்லும். அந்த நேரத்தில் பயாப்ஸி எடுத்தால் வெறும் சாம்பல் கிடைக்கும். பூஞ்சையில்கூட மேல் வீக்கம் குறையும், அடியில் பூஞ்சை தழைக்கும். ஆக, பத்து நாளில் வடிந்தது என்பது அம்மாவின் நோய் என்ன என்பதைப் பற்றி எதையும் சொல்லவில்லை. நிறுத்தியதும் திரும்பியது என்பது கொஞ்சம் சொல்கிறது: இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக் கூடாது என்று. விதிவிலக்கு உண்டு. பார்வை நரம்பு நசுங்கி, மணிக்கணக்கில் பார்வை இறங்குகிறது, பூஞ்சை இல்லை என்று மூக்கில் எடுத்த துணுக்கை அன்றே பார்த்துவிட்டோம் என்றால், திசுவைப் பத்திரப்படுத்திக்கொண்டு அன்றைக்கே ஸ்டீராய்டு ஏற்றுவோம்.

‘அன்றே பார்த்துவிட்டோம்’ என்றேனே, அது சாதாரண விஷயம்தான். மூக்கிலிருந்து எடுத்த ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நசுக்கினால், சதை கரைந்து பூஞ்சை நூல் மட்டும் நிற்கும். அகலமாக, ரிப்பன் மாதிரி மடங்கி, செங்கோணத்தில் கிளை பிரிந்தால் மியூக்கர். ஒல்லியாக, கணுக் கணுவாக, கூர்ங்கோணத்தில் கிளைத்தால் ஆஸ்பர்ஜில்லஸ். ஒன்றுமே தெரியாவிட்டால் பூஞ்சை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. மேலே சொன்ன மனிதருக்கு இந்தச் சோதனை சுத்தமாகத்தான் வந்தது.

உங்கள் சொந்தக்காரர்களின் பயத்துக்கு வருகிறேன். அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கண்குழியின் கடைக்கோடியில், பார்வை நரம்பு உள்ளே நுழையும் முனையில் மட்டும் நோய் இருந்து, அங்கே கை வைத்தால், பார்வைக்கு ஆபத்து உண்மையானதுதான். அங்கே நானும் பத்து முறை யோசிப்பேன். உங்கள் அம்மாவின் விஷயம் அப்படி இல்லை. சைனஸும் சேர்ந்திருப்பதை எல்லாரும் கெட்ட செய்தியாகப் பார்க்கிறார்கள். பயாப்ஸி எடுக்கிறவனுக்கு அது நல்ல செய்தி. மூக்குத் துவாரம் வழியாக எண்டோஸ்கோப் விட்டு, எத்மாய்டிலிருந்து நோயுற்ற சவ்வை எடுக்கலாம். முகத்தில் தழும்பு இல்லை, கண்ணைத் தொட வேண்டியதும் பெரும்பாலும் இல்லை. சைனஸில் இருப்பது வெறும் சளி என்று அப்போது தெரிந்தால், அதே வழியில் காகிதத் தகட்டைத் திறந்து கண்குழியின் உள்பக்கத்திலிருந்து எடுப்பதா, இமை மடிப்பு வழியாகப் போவதா என்பதைக் கண் டாக்டரும் மூக்கு டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இருவரும் ஒரே நாளில் ஒரே தியேட்டரில் இருப்பது நல்லது. எந்த சர்ஜரியிலும் ரத்தக்கசிவு, மயக்க மருந்துப் பிரச்சினை உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

எவ்வளவு எடுக்கிறார்கள், எதில் போட்டு அனுப்புகிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நான் படிப்பு முடித்த புதிதில், கஷ்டப்பட்டு எடுத்த துணுக்குகள் அத்தனையையும் பழக்கதோஷத்தில் ஒரே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் கிரானுலோமா என்று ரிப்போர்ட் வந்தது. காசநோயா பூஞ்சையா என்று வளர்த்துப் பார்க்க ஒரு துணுக்குகூட உயிரோடு இல்லை. அந்த அம்மாளை மறுபடி மேசையில் படுக்கவைத்தோம். என் சீனியர் திட்டவில்லை, அடுத்த நாளிலிருந்து தியேட்டர் தட்டில் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்து அவரே கையால் எழுதி ஒட்டினார். ஃபார்மலினில் ஒன்று, சாயம் போட்டுப் பார்க்க. வெறும் சலைனில் ஒன்று, பூஞ்சை வளர்க்கவும் காசநோய்க் கிருமியைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனைக்கும். லிம்போமா சந்தேகம் இருந்தால் செல்களை வகைபிரிக்கத் தனியாக ஒன்று. இன்றைக்கும் எங்கள் தட்டில் அந்த வரிசைதான். பத்தாலஜி படிவத்தில் ‘கண் வீக்கம்’ என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பினால் இரண்டு வார்த்தையில்தான் பதில் வரும். மூக்கின் கதை, சர்க்கரை, எத்தனை நாள் ஸ்டீராய்டு, ஆன்கா, ஐஜிஜி4 எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பயாப்ஸி எடுத்துவிட்டால் பெயர் கட்டாயம் கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஜிபிஏவுக்குத் திசு அழுகல், ரத்தக்குழாய் அழற்சி, கிரானுலோமா மூன்றும் சேர்ந்து தெரிய வேண்டும் என்பது பாடம். மூக்கிலிருந்து எடுக்கும் சின்னத் துணுக்கில் மூன்றும் ஒன்றாகத் தெரிவது குறைவுதான். ஐஜிஜி4 நோய்க்கு, ஐஜிஜி4 சுரக்கும் செல்கள் மொத்த ஐஜிஜி செல்களில் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பதோடு, பாய் முடைந்த மாதிரிச் சுழன்று ஓடும் நார்த்திசுவும், அடைபட்ட சிரைகளும் இருந்தால் நம்பிக்கை கூடும். கண்குழித் திசுவில் அந்த அடைபட்ட சிரை சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஜிபிஏ திசுவிலும் ஐஜிஜி4 செல்கள் கூட்டமாக இருக்கலாம். மூக்கில் வரும் ஒருவகை லிம்போமா திசுவை அழுகவைத்துவிடும், துணுக்கில் பாதி செத்த சதையாகவே வரும். இரண்டாவது, மூன்றாவது முறை எடுத்துத்தான் பிடித்தவர்கள் உண்டு. எல்லாம் பார்த்தும் ஒன்றும் சிக்காதபோது மட்டும்தான் ‘காரணம் தெரியாத அழற்சி’ என்று பெயர் வைக்கலாம். சூடோடியூமர் என்பது கடைசியில் வைக்க வேண்டிய பெயர். உங்களுக்கு அது முதல் ஸ்கேனிலேயே கிடைத்துவிட்டது.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் பயாப்ஸிக்கு ஒத்துக்கொள்வேன், மூக்கு வழியாக, இந்த வாரமோ அடுத்த வாரமோ. இப்போது ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்; எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரையை வீட்டிலேயே தினமும் பாருங்கள். அம்மாவின் கன்னமோ பல் ஈறோ திடீரென்று மரத்துப்போனால், மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்பாகத் தெரிந்தால், பார்வையோ பார்க்கும் நிறமோ மங்கினால், கண் ஒரு பக்கமும் அசையாமல் நின்றால், இமை தூக்க முடியாமல் விழுந்தால், காய்ச்சலோடு தலைவலியும் தூக்கக் கலக்கமும் வந்தால், அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயாப்ஸி முடிந்து ரிப்போர்ட் வாங்கும்போது, மெழுகில் பதித்த பிளாக்கையும் சாயமிட்ட கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி வையுங்கள், அல்லது லேபில் எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் குழப்பமாக வந்தால் அதே பிளாக்கிலிருந்து இன்னொரு மெல்லிய சீவல் எடுத்து, வேறொரு பத்தாலஜிஸ்ட் வேறொரு சாயம் போட்டுப் பார்க்க முடியும். அதற்காக அம்மா மறுபடி மேசையில் படுக்க வேண்டியதில்லை.